குடும்ப வன்முறை வழக்கில் வீடியோ வாக்குமூலம்: உடன் செல்பவருக்கான முழுமையான வழிகாட்டி

அடிபட்ட பெண்ணோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் துணைக்குப் போகிறவர்களுக்கானது இது. நீங்கள் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கலாம், சேவை மையப் பணியாளராக இருக்கலாம், அந்தப் பெண்ணின் அக்காவாகவும் இருக்கலாம். வாக்குமூலத்தை வீடியோவில் பதிவது காவல்துறையின் வேலை. ஆனால் பதிவுக்கு முன்னும் பின்னும் எது எந்த வரிசையில் நடக்கிறது என்பதைக் கவனிக்க, பல நேரம் உங்களை விட்டால் ஆள் இல்லை. பெரும்பாலான பதிவுகள் கெடுவதும் அந்த வரிசை தவறுவதால்தான்.

1. எந்த வாக்குமூலம் எதற்குப் பயன்படும்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. நிலையத்தில் இன்னும் ‘161 ஸ்டேட்மென்ட்’, ‘164 ஸ்டேட்மென்ட்’ என்றுதான் பேசுவார்கள். 161 இப்போது பிரிவு 180. காவலர் முன் கொடுப்பது. 164 இப்போது பிரிவு 183; நீதித்துறை நடுவர் முன் கொடுப்பது. 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்த கொடுமைப் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 85 ஆகிவிட்டது.

காவலர் முன் கொடுக்கும் வாக்குமூலத்தை ஒலி-ஒளியாகவும் பதியலாம் என்கிறது பிரிவு 180. ‘பதியலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘பதிய வேண்டும்’ என்று சொல்லவில்லை. இதை மறந்துவிட்டு, ‘சட்டம் கட்டாயம் என்கிறது’ என்று நிலையத்தில் வாதாடினால் அங்கேயே பேச்சு முறிந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த வீடியோ நீதிமன்றத்தில் அவளுடைய சாட்சியத்துக்கு மாற்று ஆகாது. விசாரணையின்போது கூண்டில் ஏறி எல்லாவற்றையும் அவள் மறுபடி சொல்லியே ஆக வேண்டும். அப்போது சொல்வதற்கும் வீடியோவில் சொன்னதற்கும் முரண்பாடு இருந்தால், அதைக் காட்ட எதிர்த்தரப்பு வீடியோவைப் பயன்படுத்தும். அவள் பிறழ் சாட்சியாகிவிட்டால் (முன்பு சொன்னதை மாற்றி, அரசுத் தரப்புக்கு எதிராகப் பேசினால்), நீதிமன்ற அனுமதியோடு அரசுத் தரப்பும் அப்படிப் பயன்படுத்தலாம். பிரிவு 181 சொல்வது இதுதான். ‘வீடியோ எடுத்தாச்சு, இனி கோர்ட்டுக்கு வர வேண்டாம்’ என்று அவளிடம் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து சம்மன் வரும்போது அந்த ஒரு பொய்யால் மொத்த நம்பிக்கையும் உடையும்.

2. கேமராவுக்கு முன் மருத்துவமனை

முதலில் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிவாகும் நேரமும் காயங்களின் விவரமும்தான் பின்னால் காயச் சான்றிதழுக்கு அடிப்படை. வீடியோவில் ‘முதுகில் அடித்தார்’ என்று சொல்லி, ஏ.ஆர். காப்பியில் முதுகைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால், வழக்கின் பலவீனமான இடமே அதுதான்.

‘எப்படி ஆச்சு?’ என்று மருத்துவர் கேட்கும்போது கணவரோ மாமியாரோ பக்கத்தில் நின்றால், ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்றுதான் பதில் வரும். முடிந்தால் அந்தக் கேள்விக்கு முன்பே அவர்களை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே அப்படிச் சொல்லிப் பதிவாகியிருந்தால் மறைக்காதீர்கள். வீடியோவில் அவளே சொல்லட்டும்: அன்று டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன், பக்கத்தில் அவர் நின்றார், அதனால் சொன்னேன் என்று. அவளே முதலில் சொன்னால் அது விளக்கம். குறுக்கு விசாரணையில் வக்கீல் தோண்டி எடுத்தால் அதையே முரண்பாடு என்பார்கள்.

கழுத்தை நெரித்த சம்பவத்தைத் தனியாகக் கேளுங்கள். பல பெண்கள் அதை ‘அடி’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வெளியே தழும்பு இல்லாமலே உள்ளே சேதம் இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா, நினைவு தப்பியதா என்பதை மருத்துவரிடம் சொல்ல வையுங்கள். கன்றிப்போன இடம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் தெளிவாகத் தெரியும். அன்றும் படம் எடுங்கள்.

தீக்காயம், விஷம் போன்ற உயிருக்கு ஆபத்தான நிலையில் இந்த வரிசையெல்லாம் பொருந்தாது. நடுவரை மருத்துவமனைக்கு வரவழைத்து வாக்குமூலம் பதிய வேண்டும் என்று மருத்துவரிடமும் காவலரிடமும் உடனே கேளுங்கள். அவள் சுயநினைவோடு இருக்கிறாள் என்ற மருத்துவர் சான்று அதோடு சேர வேண்டும்.

3. எஃப்.ஐ.ஆர். முதலில், வீடியோ அடுத்து

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மகளிர் காவல் நிலையத்தில் புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது) கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது வழக்கம். அந்தக் கட்டத்திலேயே ஒரு செல்போனில் பேச்சைப் பதிந்துவிட்டு, ‘வாக்குமூலம் எடுத்தாச்சு’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கும்.

பிரிவு 180 வாக்குமூலம் என்பது புலன் விசாரணையின்போது பதிவது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் எடுத்த வீடியோவுக்கு, இது எந்தப் பிரிவின் கீழ் எடுத்தது என்ற கேள்வி கடைசிவரை துரத்தும். எஃப்.ஐ.ஆர். எண் கையில் வந்த பிறகே பதிவுக்கு உட்காருங்கள்.

மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(3) இடம் தருகிறது. பிரிவு 85-க்கு மூன்று ஆண்டு வரை தண்டனை என்பதால் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அப்படியானால் சி.எஸ்.ஆர். ரசீதின் தேதியைக் குறித்துக்கொண்டு 14 நாளை எண்ணுங்கள். பதிய மறுத்தால் புகாரின் சாரத்தைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் நடுவரிடம் மனு போடலாம். இரண்டும் 173(4)-ல் இருக்கின்றன.

பிரிவு 85-ல் புகாரை அந்தப் பெண்ணோ, ரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவில் இருப்பவரோ, அப்படி உறவினர் யாரும் இல்லாவிட்டால் மாநில அரசு அறிவித்த வகை அரசு ஊழியரோ கொடுத்தால்தான் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரரோ தன்னார்வலரோ தங்கள் பெயரில் கொடுக்கும் புகார் இங்கே நிற்காது.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது அவள் உரிமை. அங்கேயே வாங்கிப் படித்துப் பாருங்கள்.

4. வீடியோ வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்

வாய்வார்த்தையில் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு போய்விடும். விசாரணை அதிகாரிக்கு அரைப் பக்க மனு போதும்: குற்ற எண், பிரிவு 180-ன்படி ஒலி-ஒளிப் பதிவு கோருகிறேன், பெண் காவலர் பதிய வேண்டும், பதிவு நடக்க வேண்டிய இடம் இது. நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு விசாரணைக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது (பிரிவு 179). அவள் விரும்பினால் நிலையத்துக்கு வரலாம். அம்மா வீடோ, ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையமோ பெரும்பாலும் நல்ல இடம். கணவரின் ஆட்கள் வாசலில் நிற்கும் நிலையம் நல்ல இடம் இல்லை. சேவை மையத்தை 181 என்ற எண் வழியாக அணுகலாம்.

பாலியல் குற்றங்கள் (பி.என்.எஸ். 64 முதல் 71 வரை, 74 முதல் 79 வரை), ஆசிட் வீச்சு, அதற்கான முயற்சி (124) ஆகியவற்றில் பெண் காவலரோ பெண் அதிகாரியோதான் பதிய வேண்டும், அது கட்டாயம். கொழுந்தனோ மாமனாரோ தவறாக நடந்துகொண்டது 74-ன் கீழ் வரலாம். பிரிந்து வாழும் மனைவியைக் கணவன் வல்லுறவு செய்தால் அது 67. இவை நடந்திருந்தும் வெட்கத்தால் புகாரில் விட்டுப்போகின்றன. நடக்காததைச் சேர்க்கவே கூடாது. நடந்ததை விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் பின்னால் சொன்னால் ‘யோசித்துச் சேர்த்தது’ என்பார்கள்.

5. நினைவை ஒழுங்கு செய்யுங்கள், பாடம் நடத்தாதீர்கள்

முந்தின நாள் ஒரு வெள்ளைத் தாளை அவள் கையில் கொடுங்கள். தேதி நினைவில்லை என்றால் பரவாயில்லை. ‘பாப்பாவுக்குக் காது குத்தின மறுநாள்’, ‘ஆடி பதினெட்டுக்கு முந்தின வெள்ளி’ என்று அவள் நினைவு பிடித்து வைத்திருக்கும் கொக்கிகளையே எழுதட்டும். மூன்று சம்பவங்கள் போதும்: முதலில் நடந்தது, மிக மோசமானது, கடைசியாக நடந்தது. மற்றவை பேச்சில் தானே வரும்.

நீங்கள் வாக்கியம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் வீடியோவில் அது அப்பட்டமாகத் தெரியும். கண் ஓரிடத்தில் நிற்கும், குரல் ஒரே தட்டையாக ஓடும், குறுக்கே ஒரு கேள்வி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தாளையும் பதிவின்போது கையில் வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி எழுந்த பிறகு பதிவது நல்லது. நள்ளிரவு வாக்குமூலங்களில் நேரமும் வரிசையும் குழம்பும்.

6. அறையும் போனும்

கேள்வி கேட்கும் பெண் காவலர், பதிபவர், அவள். இதற்கு மேல் ஆள் கூடாது. உறவினர் உடன் இருந்தால் கேமராவுக்குள் தெரியும்படி, பேசாமல் உட்கார வேண்டும். திரைக்கு வெளியே ஒருவர் இருந்தால் அங்கிருந்து சைகை காட்டியதாக வாதம் வரும். குழந்தையை வேறு அறையில் வையுங்கள். அம்மா அழுது சொல்வதைக் கேட்ட குழந்தை நாளை சாட்சி சொன்னால், கண்டதைச் சொல்கிறதா கேட்டதைச் சொல்கிறதா என்ற சந்தேகம் விழும்.

போனைக் கையில் பிடிக்கக் கூடாது. ஸ்டாண்டில் படுக்கைவாட்டில் நிறுத்த வேண்டும். முகம், தோள், இரு கைகள் ஃபிரேமுக்குள் வர வேண்டும். எங்கே அடித்தார் என்று கையால் காட்டுவது முகத்தை மட்டும் எடுத்த பதிவில் விழாது. ஜன்னல் அவளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சத்தத்தில் முதலில் மூழ்குவது தாழ்ந்த குரல். அவள் தாழ்ந்த குரலில் சொல்வதுதான் பெரும்பாலும் முக்கியமானது. காலர் மைக் இருந்தால் நல்லது.

போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். 1080பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 8 ஜி.பி. ஆகும், அவ்வளவு இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். போனின் தேதியும் நேரமும் சரியா பாருங்கள். முப்பது விநாடி சோதனைப் பதிவு எடுத்து, போட்டுக் கேட்ட பிறகே தொடங்குங்கள். முக்கால் மணி நேரம் அழுது சொன்ன பிறகு ‘சவுண்டு வரலம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்பது அவளுக்கு இழைக்கும் கொடுமை. போதாக்குறைக்கு, இரண்டாவது பதிவும் முதலாவதும் சேர்ந்து இரண்டு வாக்குமூலங்களாகி முரண்பாட்டுக்கு இடம் தரும்.

7. முதல் இரண்டு நிமிடம்

கேட்பவர் தன் பெயர், பதவி, குற்ற எண், தேதி, நேரம், இடம், அறையில் இருப்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். பிறகு அவள் தன் பெயரையும், விருப்பத்தோடு பேசுகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பழக்கத்தில் ‘அட்ரஸ் சொல்லுங்க’ என்பார்கள். அவள் இப்போது ஒளிந்திருக்கும் வீட்டின் முகவரியைச் சொல்லிவிடுவாள். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு வாக்குமூலங்களின் நகல் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) போகும். தற்போதைய முகவரி, புதிய செல்போன் எண், குழந்தையின் பள்ளி, வேலை பார்க்கும் கடை எதுவும் பதிவில் வரக் கூடாது. தனித்தாளில் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுக்கலாம். தப்பித் தவறி வந்துவிட்டால், அந்தப் பகுதியை எதிரிக்குத் தரும் நகலிலிருந்து விலக்கக் கோரி நடுவருக்குக் குறிப்பு அனுப்ப 193(7)-ல் வழி இருக்கிறது. குற்றப்பத்திரிகைக்கு முன்பே அதிகாரிக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள்.

8. அவள் சொல்லும் முறை

முதலில் இடைமறிக்காமல் பேச விட வேண்டும். ‘பெல்ட்டால அடிச்சாரா?’ என்று கேட்டால் பதில் ‘ஆமாம்’. அந்த ஆமாமுக்கு மதிப்பு குறைவு. ‘அன்னிக்கு ராத்திரி அவர் வீட்டுக்கு வந்ததுல இருந்து என்ன நடந்தது, சொல்லுங்கம்மா’ என்று கேட்டால், சாவி திரும்பிய சத்தத்திலிருந்து ஆரம்பித்து அவளே பெல்ட்டுக்கு வந்து சேருவாள். அவள் முடித்த பிறகு விட்டுப்போனதைக் கேட்கலாம்: எந்தக் கையால், எத்தனை முறை, எதன் மீது விழுந்தீர்கள், யார் பார்த்தார்கள், அப்போது குழந்தை எங்கே இருந்தது.

வீடியோவின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. எழுத்து வாக்குமூலத்தில் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி பேசுவாள்: ‘மேற்படி நபர் என்னை அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.’ அவள் வாயால் வந்ததோ இப்படி இருக்கும்: ‘இன்னிக்கு ராத்திரி நீ தூங்கு பாப்போம், கேஸைத் திறந்துவிட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போயிடுவேன்னாரு.’ முதல் வாக்கியத்தை யாரைப் பற்றியும் எழுதலாம். இரண்டாவது அந்த வீட்டில், அந்த அடுப்படிக்குப் பக்கத்தில் மட்டும்தான் நடந்திருக்க முடியும். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சொன்னபடியே சொல்லச் சொல்லுங்கள். வட்டார வழக்கை யாரும் திருத்த வேண்டாம்.

ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்வது அடுத்தது. ‘எல்லாரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினாங்க’ என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை வைத்து உறவினர்கள் மீது வழக்கு நடத்த முடியாது என்று 2022-ல் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. மாமியார் என்ன செய்தார், எப்போது, என்ன வார்த்தை சொன்னார் என்று தனித்தனியாக வர வேண்டும். ஒன்றும் செய்யாத நாத்தனாரைக் கோபத்தில் சேர்த்தால், உண்மையில் அடித்தவர் மீதான வழக்கும் நம்பகம் இழக்கும்.

நகை, பணம் கேட்டிருந்தால் எவ்வளவு, யாரிடம், யார் மூலம் என்று வர வேண்டும். பணம் கேட்காத கொடுமையும் பி.என்.எஸ். பிரிவு 86-ன்படி கொடுமைதான். தற்கொலைக்குத் தூண்டக்கூடிய அளவு அல்லது உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு உண்டாக்கும் அளவு நடத்தையாக இருக்க வேண்டும். ஆகவே தூக்கம் போனது, சாப்பிட முடியாமல் போனது, கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்தது எல்லாமே சொல்ல வேண்டியவை.

தெரியாததைத் ‘தெரியல’ என்று சொல்லலாம் என முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊகித்துச் சொன்ன தேதி, தெரியாது என்ற பதிலைவிடப் பெரிய சேதம் செய்யும். அவள் அழுதால் பதிவை நிறுத்தாமல் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் நிறுத்தும் நேரத்தையும் காரணத்தையும், தொடங்கும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காது கேளாத, வாய் பேசாத பெண் என்றால் சைகைதான் சாட்சியம். அவளுடைய இரு கைகளும் முகமும், மொழிபெயர்ப்பாளரும் ஒரே ஃபிரேமில், இடைவெளி இல்லாமல் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் குரலை மட்டும் பதிந்தால் அது அவருடைய வாக்குமூலமாகிவிடும்.

9. பதிவு முடிந்த அரை மணி நேரம்

பிரிவு 180 வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வாங்கக் கூடாது என்றே பிரிவு 181 சொல்கிறது. ‘வீடியோவுக்கு ஒரு சைன்’ என்று வெற்றுத்தாளை நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்புக்கே உரிய, கைரேகை போன்ற ஒரு குறியீட்டை) அங்கேயே எடுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழில் அது கேட்கப்படுகிறது, எஸ்.எச்.ஏ.-256 அந்தப் படிவத்திலேயே இருக்கும் முறைகளில் ஒன்று. படிவத்துக்கு இரு பகுதிகள் உண்டு. ‘அ’ பகுதியைக் கருவியைக் கையாண்டவரும், ‘ஆ’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். பதிந்த காவலர் இடமாறுதலில் போன பிறகு ‘அ’ பகுதிக்கு அவரைத் தேடி அலைவதைவிட அன்றே கேட்டு வாங்குவது சுலபம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கும். ஒரு துளி மாறினாலும் ஹாஷ் வேறாகிவிடும். வெட்டி ஒட்டுவதும் கூடாது. உங்கள் போனில் நகல் வாங்கி வைக்கவும் ஆசைப்படாதீர்கள். பாலியல் குற்ற வழக்கில் அது கசிந்து அவள் அடையாளம் வெளிப்பட்டால் பி.என்.எஸ். 72-ன்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அவளே தன் போனில் எடுத்த காயப் படம், மிரட்டல் குரல் பதிவு ஆகியவை தனிச் சான்று. அவற்றை வாக்குமூலத்தோடு கலக்காமல், மூலக் கோப்பை அழிக்காமல், அந்தப் போனைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

10. நடுவர் முன் வாக்குமூலம்

மேலே சொன்ன 64–71, 74–79, 124 பிரிவுகளில் நடுவர் வாக்குமூலம் கட்டாயம். முடிந்தவரை பெண் நடுவர், இல்லாவிட்டால் ஒரு பெண் உடன் இருக்க ஆண் நடுவர். பிரிவு 85 மட்டும் இருந்தால் கட்டாயம் இல்லை, ஆனால் கேட்கலாம். சத்தியப்பிரமாணத்தோடு கொடுப்பதால் இதற்குக் காவலர் வாக்குமூலத்தைவிட எடை அதிகம்.

அங்கேயும் வீடியோ கேட்கலாமா என்றால், சட்டத்தின் வாசகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒலி-ஒளிப் பதிவு ‘குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் முன்னிலையில்’ என்று 183(1) சொல்கிறது. அவருடைய வக்கீல் எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு வாய் வருமா என்பதை யோசித்துக் கேளுங்கள். பெரும்பாலான பெண்களுக்கு எழுத்து வாக்குமூலமே நல்லது என்பதே எங்கள் கருத்து.

மேற்சொன்ன பிரிவுகளில் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் நிலை வேறு. அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவியோடு ஒலி-ஒளியாகவே பதிய வேண்டும். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் முதல் விசாரணைக்கு (அரசுத் தரப்பு அவளிடம் கேட்டுப் பதியும் சாட்சியத்துக்கு) மாற்றாக ஏற்கப்படும். குறுக்கு விசாரணைக்கு மட்டும் வந்தால் போதும். ஆகவே தற்காலிகமான உடல் குறைபாடோ மனப் பாதிப்போ இருந்தாலும் மருத்துவச் சான்றோடு அதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். சட்டம் ‘தற்காலிகமாக’ என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

11. பிறகு கவனிக்க வேண்டியவை

பாதுகாப்பு அலுவலர் மூலம் குடும்ப நிகழ்வு அறிக்கை பதிந்து, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி பாதுகாப்பு உத்தரவு, வசிப்பிட உத்தரவு கேட்பது தனிப் பாதை. வீடியோவுக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அந்த அறிக்கையை நிரப்பும்போது எஃப்.ஐ.ஆர். நகலையும் ஏ.ஆர். காப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு தாளில் இரண்டு தேதி வந்துவிடக் கூடாது.

புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் (193(3)). அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலானால், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஆவணங்களின் நகல் கிடைக்கும் (பிரிவு 230). வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆவணங்கள் வந்ததும் வீடியோவும், அதன் ஹாஷ் மதிப்பும், பிரிவு 63 சான்றிதழும் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.